நீள்வட்டத்துக்குள் ஒரு பந்தயக்காரர்

எங்கள் வாரப் பத்திரிகையை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எவரும் முன்பக்கத்திலிருந்து திறந்து நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டுக்கட்டாகக் கடை வாசல்களில் போடுவோம். மரக்கறிப் பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் ஒரு பிரதியை எடுத்து, வாசலிலேயே நின்று கடைசிப் பக்கங்களைத் திருப்புவார்கள். அங்கேதான் மரண அறிவித்தல்கள். யார், எந்த ஊர், யாருடைய மச்சான், செத்தவீடு எந்த மண்டபத்தில். அது முடிந்த பிறகுதான் போர்ச்செய்தி, வீடு விற்பவர்களின் சிரித்த முகங்கள், மற்றதெல்லாம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிதறிப்போன சனம் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கும். நானும் அப்படித்தான் திறப்பேன்.

ஆனால் அந்தப் பழக்கம், உயிரோடும் நல்ல தேகசுகத்தோடும் இருந்த ஒரு மனிதரின் தொழிலை முடித்துவைத்தது. முடித்துவைத்தவர்கள் எவருக்கும் இன்றுவரை வெட்கமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கார் பம்பர் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிவ்ற்றில் வேலை செய்தேன்; ஓய்வு நேரத்தில் அந்தப் பத்திரிகைக்கு எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது மற்றவர்களின் வசனங்களில் பிதுங்கி நின்றதை வெட்டுவேன். இங்கே அச்சிலிருந்து சூடாக வரும் பம்பரின் ஓரத்தில் பிதுங்கி நின்ற பிளாஸ்ரிக்கைச் சீவினேன். எனக்கு எதிரே நின்று அதே வேலையைச் செய்தவர் ஓர் ஆர்ஜென்ரீனாக்காரர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது. தன் நாட்டில் கார்ப் பந்தயம் ஓடியவர் என்று வேலைக்குச் சேர்ந்தபோது யாரிடமோ சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அவர் 'றேஸ்காரன்'.

"றேஸ்காரன் எண்டா ஏன் பஸ்ஸில வாறான்?" என்று ஒருவர் கேட்பார்.

"பஸ்ஸையும் முந்தத்தான்" என்று மற்றவர் சொல்வார். இந்தப் பகிடி வாரத்துக்கு ஒருமுறையாவது புதிதாகச் சிரிக்கப்பட்டது.

அவர் பொய் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பத்திரிகைக்காரனுக்கு அது இயல்பு. ஒரு சனிக்கிழமை நகர மத்தியில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போய், பழைய ஸ்பானிய விளையாட்டு இதழ்களைப் புரட்டினேன். மொழி தெரியாது, பந்தய முடிவுகளின் அட்டவணைக்கு மொழி தேவையில்லை. அவருடைய பெயர் இருந்தது. முதலாம் இடத்தில் சில தடவை, இரண்டாம் மூன்றாம் இடங்களில் பல தடவை. ஒரு படத்தில் காரின் மூக்கில் கால் வைத்து நின்றார். அதே ஒல்லி, அதே மூக்கு.

அதன் பிறகு வேலை முடிந்து போகும்போது அவரை என் காரில் ஏற்றிக்கொள்வேன். 401 நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அவர் உடம்பை முழுதாகத் திருப்பிப் பின் கண்ணாடியால் பார்ப்பார். பின்னால் லொறி ஏதும் நெருங்கினால் என் முழங்காலில் இரண்டு தரம் தட்டுவார். முதல் நாள் நான் பயந்தே போனேன்.

"குறை நினையாத" என்றார். "வலப்பக்கச் சீற்றில இருந்தா என்ர கை தானாத் தட்டும்." அவர் பேசிய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு முறிந்தவை. அதனால் அவருடைய பேச்சை இங்கே என் பேச்சுத்தமிழில் தருகிறேன்.

அவருடைய தொழில் அந்த வலப்பக்கத்து இருக்கையில்தான் தொடங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல் உள்ள சமதரையில் ஒரு சிற்றூர். அங்கே ஓடுவது ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் அல்ல. வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் கார்தான். உள்ளே இருந்ததெல்லாம் பிடுங்கப்பட்டு, கூரைக்குக் கீழே இரும்புக் குழாய்க் கூடு வைக்கப்பட்டு, இயந்திரம் வேறாக்கப்பட்டிருக்கும். பந்தயத் திடல் இல்லாத ஊர்களில் நெடுஞ்சாலையையே மறித்து ஓட்டுவார்கள். சனம் வீதியோரத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும்; கார் வரும்போது எட்டிப் பார்த்து, கடைசி நொடியில் விலகும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருப்பார். எண்ணெய்ச் சூட்டைப் பார்ப்பது, பின்னால் வருபவனைப் பார்ப்பது அவர் வேலை. இரைச்சலில் கதைக்க முடியாது. முழங்காலில் ஒரு தட்டு என்றால் எண்ணெய் கொதிக்கிறது. இரண்டு தட்டு என்றால் பின்னால் ஆள்.

பத்தொன்பது வயதில் அந்தத் துணைவனாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அவர் துணையிருந்த ஓட்டுநர் முதுகு நோவால் விலக, இவர் இடப்பக்கத்துக்கு மாறினார். ஓடினார், வென்றார், ஒரு விபத்தில் மணிக்கட்டை உடைத்தார், திரும்ப ஓடினார். ஒரு வருடப் பந்தயங்களின் மொத்தப் புள்ளிகளில் இரண்டாவதாக வந்தார். வருடத்தின் வெற்றிக்கிண்ணம் ஒருபோதும் கிடைக்கவில்லை.

அந்தப் பந்தயத்தில் இரண்டே இரண்டு கம்பெனிக் கார்கள்தான் பெரிது. சனம் பிறக்கும்போதே இரண்டாகப் பிரிந்துதான் பிறக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு இடையில் நடக்கும் பெரிய கிரிக்கெட் ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே அது வருடத்தில் ஓர் ஆட்டத்தோடு முடிவதில்லை. பெண் கொடுக்கும்போதும் பார்ப்பார்களாம். இவர் ஒரு கம்பெனிக் காரில் பேரெடுத்து, பிறகு நல்ல இயந்திரம் கிடைக்கிறது என்று மற்றக் கம்பெனிக்குப் போனார். ஊர் அவரைக் கைவிட்டது. பிறகு நாட்டின் காசு கடதாசியானது. அவரைத் தாங்கிய வைன் வியாபாரம் படுத்தது. மனைவியின் தமக்கை ரொறன்ரோவில் இருந்தார். வந்தார்கள். பம்பர் சீவினார்.

சீவினாலும் பந்தயத்தை அவர் விடவில்லை. சனிக்கிழமைகளில் எற்றோபிக்கோவில் ஓர் இத்தாலியரின் கராஜுக்குப் போவார். அந்த இத்தாலியரிடம் இவர் ஊரில் ஓடிய அதே வகைப் பந்தயக் கார் ஒன்று இருந்தது. அதைச் சரிக்கட்டும் வேலை இவருக்கு. இருக்கையில் ஏற்றுவதாக இத்தாலியர் சொல்லியிருந்தார், ஒரு நிபந்தனையோடு: ரயருக்கும் நுழைவுக்கும் செலவை ஏற்க யாராவது அகப்பட வேண்டும். ஓட்டம், ஒவ்வொரு ஜூலையும் ஏரிக்கரைத் தெருக்களை அடைத்து நடக்கும் பெரிய பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் சின்னப் பந்தயம். பெரிய பந்தயத்துக்கு வந்த சனமும் தொலைக்காட்சியும் இதையும் பார்க்கும்.

"இந்த ஜூலை ஓடாட்டி என்ர உரிமம் செத்துப்போம்" என்றார். அவரிடம் இருந்த பந்தய உரிமம், ஓடாமல் கிடந்தால் காலாவதியாகிவிடும். பிறகு இருபது வயதுப் பெடியளோடு வரிசையில் நின்று, பந்தயப் பள்ளியில் அடியிலிருந்து தொடங்க வேண்டும். "நாப்பத்திரண்டு வயசில ஆர் என்னை அடியில இருந்து ஏத்துவான்?"

எனக்குக் கடை முதலாளி ஒருவரைத் தெரியும். ஸ்காபரோவில் இரண்டு பலசரக்குக் கடை, ரெக்ஸ்டேலில் ஒன்று. எங்கள் பத்திரிகையின் பின்னட்டை முழுவதும் அவருடைய விளம்பரம்தான். கடையின் பின் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இருந்து கதை கேட்டார்.

"ஆள் தமிழனோ?"

"இல்லை அண்ணை. ஆர்ஜென்ரீனா."

"அப்ப புட்போலெல்லோ?"

"இது கார்."

"விண் பண்ணுவானோ?"

"தெரியாது. ஆனா ஓடத் தெரிஞ்ச ஆள்."

அவர் யோசித்தார். "கதவில என்ர கடைப் பேர். தமிழில. ரீவிக்காரன் எந்தப் பக்கம் நிண்டு எடுப்பான்?"

"இரண்டு பக்கமும்."

"அப்ப இரண்டு கதவும்" என்றார். "பின்னால டிக்கியில 'மலிவு விற்பனை' எண்டு போடலாமோ?"

டிக்கியில் வேண்டாம் என்று சமாளித்தேன். அவர் கை கொடுத்தார். அடுத்த கிழமை பந்தயக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி அவருக்கு ஒரு பால் தேத்தண்ணியும் முறுக்குப் பையும் கொடுத்து, தோளில் தட்டி, கடையில் நின்ற எல்லோருக்கும் காட்டினார். இத்தாலியர் காரின் கதவுகளில் கடையின் பெயரைத் தமிழில் தீட்டுவித்தார். எழுத்துகளின் அச்சுப் பிரதியை நான்தான் கொடுத்தேன். சிவப்புக் கதவில் வெள்ளை எழுத்து. நன்றாகவே இருந்தது, மறுக்கமாட்டேன்.

பத்திரிகையின் ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டார். அவரும் ஊரில் எழுதியவர். இங்கே பகலில் காப்புறுதி விற்றார். முதலாளி செலவு செய்யும் விஷயம், முழுப் பக்கம் தருகிறேன் என்றார். எழுதினேன். முதல் வசனத்திலேயே, வரும் ஜூலையில் ஏரிக்கரையில் ஓடவிருப்பவர் என்று எழுதினேன். தலைப்பு 'இன்னும் ஒரு ஓட்டம்'. பந்தயக்காரர் தந்த படம் ஒன்றையும் கொடுத்தேன். அவர் முகம் நேரே பார்த்து நிற்கும் படம். அவருடைய மனைவிக்குப் பிடித்தது.

எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் ஒரு பேஸ்மென்ற்றில் கையால் ஒட்டப்பட்டன. சில வாரங்களில் நானும் கை கொடுப்பேன்; அந்த வாரம் போகவில்லை. ஒட்டியவர் வேகமான ஆள். பாதி நேரம் மரண அறிவித்தல்களைத்தான் ஒட்டுவார், ஏனென்றால் அவைதான் காசு. என் கட்டுரை கடைசிக்கு முன் பக்கத்தில் வந்தது. படத்தை நீள்வட்டமாக வெட்டினார். சுற்றிக் கறுப்புக் கரை வைத்தார். பந்தயக்காரரின் தொழில் தொடங்கிய ஆண்டையும் கடைசியாக ஓடிய ஆண்டையும் கட்டுரையிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, படத்துக்குக் கீழே வைத்தார். இடம் நிரப்ப என்று பிறகு சொன்னார். தலைப்பு சின்னதாக இருக்கிறது என்று ஆசிரியர் அதை மாற்றினார். 'ஓயாத பயணம்'.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். எதிர்ப்பக்கத்தில் அந்த வாரம் செத்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் நீள்வட்டம், கறுப்புக் கரை, இரண்டு ஆண்டு, நடுவில் கோடு. இந்தப் பக்கத்தில் இவர். நாலாவது ஆள்.

கட்டுகளைத் திருப்பி எடுக்கச் சொல்லி ஆசிரியருக்கு ரெலிபோன் அடித்தேன். கடைகளுக்குப் போய்விட்டது என்றார். "வாசிச்சா விளங்கும்தானே, ஐசே."

எவரும் வாசிக்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முழுப் பக்கம் எழுத்து இருந்தது, முதல் வசனத்தில் அந்த மனிதர் ஓடப்போகிறார் என்று இருந்தது, ஒருவர்கூட வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள். கோட்டைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் ரெலிபோனை எடுத்தார்கள்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனால் உடுப்பு மாற்றும் அறையில் கதை நிறைந்திருந்தது.

"என்ன அண்ணை, உங்கட றேஸ்காரன் மோசம் போயிட்டானாம்?"

"அந்தா, கையுறை போட்டுக்கொண்டு நிக்கிறார். போய்க் கேளுங்கோ."

"அப்ப பேப்பரில?"

"வாசிச்சனீங்களோ?"

"படம் கண்டனான்."

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் பந்தயக்காரரின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டார். இப்போது அவரை நேரே கண்டு திகைத்து, என்னைக் கூப்பிட்டு, அதை அவருக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"திருப்பி வாங்க வேண்டாமெண்டு சொல்லு" என்றார் பந்தயக்காரர். "எப்பவாவது தேவைப்படும்."

அதுவரைக்கும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும், இது ஒரு கிழமைப் பகிடி, போய்விடும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை கடை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அதே பின் அறை. இந்தமுறை தேத்தண்ணி இல்லை.

"தம்பி, உந்தக் கார் விஷயத்தை விடுவம்."

"ஏன் அண்ணை?"

"சனம் கதைக்குது. செத்தவன்ர காரில என்ர கடைப் பேரோ எண்டு கேக்குதுகள்."

"ஆள் உயிரோட இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியும். போன கிழமை இந்தக் கதிரையில இருந்து உங்கட முறுக்குத் திண்டவர்."

"ஓம், தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன? சனம் கண்டது கண்டதுதான். என்ர மனுசி நேற்று முழுக்கச் சாப்பிடேல்லை. எனக்கு வேற இப்ப சனி மாறியிருக்கு. கண்ணீர் அஞ்சலி வந்த ஆளை ஏத்தி, கதவில கடைப் பேரையும் எழுதி, ஏதும் நடந்தால்? ரீவியில நடக்கும். என்ர பேரோட நடக்கும்."

"அது கண்ணீர் அஞ்சலி இல்லை. ஒட்டினவன் விட்ட பிழை."

"ஆர் விட்ட பிழையோ. வந்திட்டுது."

அவரோடு வாதாடி நான் களைத்ததற்குக் காரணம், அவர் முட்டாள் அல்ல என்பது. மூன்று கடை நடத்துகிற ஆள். ஒரு கொள்கலன் மிளகாய்த்தூள் துறைமுகத்தில் சிக்கினால், சுங்க அதிகாரியோடு மணிக்கணக்கில் வாதாடி எடுத்துவருவார். தான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சனத்தின் தலையில் வைத்துவிட்டு, தான் அதற்குப் பயப்படுகிற ஆள் போல் கையை விரித்தார்.

ஆசிரியரிடம் போனேன். திருத்தம் போடச் சொன்னேன். அதே பக்கம், அதே அளவு. பந்தயக்காரர் சென்ற வாரப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே 'இவர் நலமாக இருக்கிறார், ஜூலையில் ஓடுகிறார்' என்று ஒரு வரி. முதலாளி பின்வாங்கினாலும் வேறு யாராவது முன்வரக்கூடும். அதற்கு ஆள் உயிரோடிருப்பது அச்சில் வர வேண்டும்.

"திருத்தம் போட்டாப் பார்க்காதவனும் பாப்பான்" என்றார் ஆசிரியர்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் போடுறது."

"முதலாளிக்கு விருப்பமில்லை, ஐசே. உன்ர றேஸ்காரனுக்காகப் பின்னட்டையை விடச் சொல்லுறியே?"

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. 'அறை வாடகைக்கு' விளம்பரங்களுக்குக் கீழே, மூன்று வரி: சென்ற இதழில் வெளியான கட்டுரை தொடர்பாக வாசகர்கள் குழப்பமடைய வேண்டியதில்லை என அறியத்தருகிறோம். யாரைப் பற்றிய கட்டுரை என்று இல்லை. என்ன குழப்பம் என்று இல்லை. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற வார்த்தை இல்லவே இல்லை. ஒருவர் இறந்தார் என்று முழுப் பக்கம் தெரிவித்துவிட்டு, இறக்கவில்லை என்று சொல்ல மூன்று வரியிலும் மனம் வராத பத்திரிகை. நான் அதற்குப் பிறகு அங்கே எழுதவில்லை. அந்த ஆசிரியருடைய முகத்தில் விழிப்பதையும் நிறுத்தினேன்.

சாப்பாட்டு நேரத்தில் பந்தயக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பழைய பக்கத்தை மேசையில் விரிக்கச் சொன்னார். அதுவரை அவர் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. நீள்வட்டத்தின் மேல் விரலை வைத்து ஒருமுறை சுற்றினார்.

"எங்கட ஊர்ப் பேப்பரில மேல ஒரு சிலுவையும் போடுவாங்கள்" என்றார். "அதுமட்டும்தான் குறை."

பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் மற்றக் கம்பெனிக்குப் போன வருசம், ஊரில எனக்குச் சவப்பெட்டி தூக்கினவங்கள். தெரியுமோ? உண்மையான பெட்டி. மேல என்ர கார் நம்பர். சந்தியைச் சுத்திக் கொண்டுபோய், என்ர அப்பா வீட்டு வாசலில வைச்சிட்டுப் போனவங்கள். அம்மாதான் காலமை கதவு திறந்தவ."

அவருடைய குரல் உயரவில்லை. பக்கத்தை மடித்தார்; மடிப்பின்மேல் நகத்தால் அழுத்திக் கோடு இழுத்தார்.

"அது பிழைதான். ஆனா நான் ஒண்டைச் செய்தனான். அவங்கட காரை விட்டிட்டுப் போனனான். அதுக்குத் தூக்கினாங்கள். இஞ்ச நான் என்ன செய்தனான்? உன்ர ஆக்களுக்கு நான் என்ன செய்தனான்? சொல்லு."

மணி அடித்தது. அச்சுக்குத் திரும்பினோம். அன்று பின்னேரம் 401இல் ஏறியபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இத்தாலியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தொடக்கத்திலேயே கணக்கைச் சொன்னவர். சில நாட்கள் பொறுத்தார். நானும் ஒரு நகைக்கடை, ஒரு சமையல் சேவை, ஒரு வீட்டு முகவர் என்று ஏறி இறங்கினேன். எல்லோரும் அந்தப் பக்கத்தைக் கண்டிருந்தார்கள். "உவர்தானே செத்தவர்?" என்று நகைக்கடைக்காரர் கேட்டார். சாகவில்லை என்றேன். "அப்ப சந்தோஷம்" என்று சொல்லி, வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கடைசியில், பிக்கரிங் பக்கம் வீடு கட்டி விற்கும் ஒருவரின் மகனுக்கு இருக்கை போனது. தகப்பன் ரயரையும் ஏற்றார், நுழைவையும் ஏற்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அபசகுனத்துக்குப் பயந்தார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் கதவில் தமிழ் எழுத்து ஏற்கெனவே தீட்டியாகிவிட்டது. அதை அழிக்கட்டுமா என்று இத்தாலியர் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். இப்போது யார் ஓடுகிறான் என்று முதலாளி கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் இருக்கட்டும் என்று முதலாளி, முன்பு ஒப்புக்கொண்டதில் சிறு பங்கை மட்டும் கொடுத்து இரண்டு கதவையும் வைத்துக்கொண்டார்.

பந்தயக்காரர் அந்தக் காரைச் சரிக்கட்டும் வேலையை விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "கார் என்ன செய்தது?" என்றார்.

ஜூலையில் நானும் அவரும் போனோம். நல்ல வெயில். ஏரிப் பக்கம் காற்றே இல்லை. கம்பிவேலிக்குப் பின்னால், நீண்ட நேர்வீதி முடிந்து கார்கள் பிறேக் பிடித்துத் திரும்பும் மூலையில் இடம் பிடித்தோம். அவர் சில்லுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கார் முதல் சுற்றில் நடுவில் வந்தது. கதவில் வெள்ளைத் தமிழ் எழுத்து என் முன்னால் பளிச்சென்று போனது. அதைக் கண்டு எனக்கு ஏறிய கோபத்தை இத்தனை வருடத்துக்குப் பிறகும் அளவாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த எழுத்தை நான் நேசித்துத் தொழில் செய்தவன்.

அப்போதுதான் முதலாளி வந்தார். மனைவி, பிள்ளைகள், கமெரா. எங்களைக் கண்டதும் ஒதுங்குவார் என்று நினைத்தேன். இல்லை, நேரே வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"ஆ, ஆள் சுகமாய் இருக்கிறார்தானே?" என்று சொல்லிப் பந்தயக்காரருக்குக் கையை நீட்டினார்.

பந்தயக்காரர் கையைப் பிடித்தார். விடவில்லை. பலமாக நெரித்தார் என்றில்லை, சும்மா பிடித்திருந்தார். முதலாளி சிரித்தபடி கையை இழுத்தார். வரவில்லை. கார்கள் ஏரிப் பக்கமாகப் போய், கண்காட்சி மண்டபங்களைச் சுற்றி, நேர்வீதிக்குத் திரும்பி, எங்கள் மூலைக்கு மறுபடி வரும்வரை அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். முதலாளியின் சிரிப்பு பாதி வழியிலேயே போய்விட்டது. மனைவி கமெராவை இறக்கினார். எங்கள் காரின் சத்தம் நெருங்கியதும் பந்தயக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு அவருக்கு. சூடாயிருக்கோ எண்டு கேள். செத்தவன்ர கை சூடாயிருக்காது."

ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் அவ்வளவு கவனமாக நான் ஒருபோதும் இருந்ததில்லை.

பந்தயக்காரர் கையை விட்டார். முதலாளி அதை மற்றக் கையால் தடவினார். "விசரன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்த்து அல்ல. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கார் முதல் பத்துக்கு வெளியே ஏதோ ஓர் இடத்தில் முடித்தது. பிக்கரிங் பெடியன் மோசமாக ஓடவில்லை. பந்தயக்காரரின் உரிமம் அந்த வருடத்தோடு காலாவதியானது. அவர் பிறகு எந்தக் காரிலும் பந்தயம் ஓடவில்லை, பம்பர் சீவினார்.

தைமாதம் முதலாளியின் கடைக் கலண்டர் வந்தது. வழக்கமாக முருகன் இருப்பார். அந்த வருடம் கார் இருந்தது. பிறேக் பிடித்து மூலையில் திரும்பும் சிவப்புக் கார், கதவில் தமிழ் எழுத்து, கீழே ஒவ்வொரு நாளும் கிழிக்கும் தாளில் இராகுகாலம், சுபநேரம், விரத நாட்கள். என் மனைவி அதை வாங்கிவந்து குசினியில் மாட்டிவிட்டாள். விரத நாள் பார்க்க வேறு கலண்டர் இல்லை என்றாள். கழற்றச் சொன்னேன். நாங்கள் அதைப்பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் பந்தயக்காரரும் மனைவியும் சாப்பிட வந்தார்கள்.

அவர் நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போனார்.

"கழட்டிறன்" என்றேன்.

"பொறு. இடது முன் சில்லைப் பார்."

பார்த்தேன். கார் ஒருபக்கம் சரிந்து திரும்புகிறது. மற்றச் சில்லுகளின் ஓரம்தான் தரையில் பட்டது. இடது முன் சில்லு மட்டும் முழு அகலத்துக்கும் தட்டையாகத் தரையைப் பிடித்திருந்தது.

"சில்லை உள்ளுக்குச் சரிச்ச உந்தச் சாய்வு நான் வைச்சது" என்றார். "பெடியன் கூட்டச் சொன்னவன், இத்தாலியன் குறைக்கச் சொன்னவன். நான் இரண்டு பேரையும் கேக்கேல்லை." விரலைச் சில்லில் வைத்தபடி சொன்னார்: "கழட்டாத."

கழற்றவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு, பேஸ்மென்ற்றில் பக்கம் ஒட்டிய காலத்து மிச்சமாக மேசை லாச்சியில் கிடந்த வெள்ளை ஒட்டுத்தாளை எடுத்தேன். பிழையான வரியின் மேல் ஒட்டும் தாள் அது. கதவின் அளவுக்கு வெட்டி, கடையின் பெயரை மூடி ஒட்டினேன். மேலே பெரிய எழுத்தில் இருந்த பெயரையும், கீழே ரெலிபோன் நம்பர்களையும் மூடினேன். மூலைகளை நகத்தால் அழுத்தினேன். அவர்கள் போட மறுத்த திருத்தத்தை நான் போட்டேன்.

அந்த வருடம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர்கள் குசினியில் நின்று அதைப் பார்த்துக் கேட்பார்கள்.

"உது ஆற்ற கடைக் கலண்டர்?"

"கடை இல்லை" என்பேன். "ஒரு ஆளின்ர முன் சில்லு."

"ஆர் ஆள்?"

அவர் பெயரைச் சொல்வேன். பலருக்கு ஞாபகம் வரும். "ஓ, அந்தச் செத்த ஆர்ஜென்ரீனாக்காரன்" என்பார்கள். முதலில் இருத்திவைத்து விளக்கினேன். பிறகு விளக்குவதை விட்டுவிட்டு, தொழிற்சாலை எங்கே இருக்கிறது, காலை ஷிவ்ற் எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் சொன்னேன். போய்ப் பார்க்கலாம். எவரும் போகவில்லை.